பங்குனித் தெளிவு

சென்னைக்கு வெயில், கடும் வெயில், டிசம்பர் என்று மூன்றே பருவம்தான் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். தரையில் இருப்பவர்களுக்கு அது சரி. தண்ணீருக்கு இளவேனில் உண்டு. மாசி பாதியில் தொடங்கும், சித்திரை பாதியில் முடிந்துவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கூவமும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய கலங்கல் மெல்ல அடங்கி, வாடைக்காற்று ஓய்ந்து, கல்மண்டபத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற கடல் ஒரு நாள் காலையில் பச்சையாக நிற்கும். பாறாங்கல்லில் உட்கார்ந்து குனிந்தால் தண்ணிக்குள்ளே மூன்றாவது கல் வரைக்கும் தெரியும். என் மாமா அதைத் 'தெளிவு' என்பார். காலை நாலரைக்கு போன் அடித்து, "தெளிவு வந்துச்சு" என்று இரண்டே வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். நிமிஷத்துக்குக் காசு போன காலத்துப் பழக்கம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காசிமேட்டில் இருபது வருடத்துக்கு மேல் லாஞ்சில் தொழிலுக்குப் போனவர். முதுகு போன பிறகு கடலுக்குள் போவதை விட்டார், கரையிலிருந்து போடுவதை விடவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கல்லில் உட்காருவார். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவார். கிடைப்பதில் வீட்டுக்குப் போக மீதியை விற்பார். அத்தையின் சர்க்கரை மாத்திரைக்கு அந்தக் காசுதான். ஆகவே இது பொழுதுபோக்கு பற்றிய கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் பாதிக்குப் பாதி சரி. பொழுதுபோக்கு எனக்கு, தொழில் அவருக்கு.

மீன்பிடி பற்றிப் பேசுகிறவர்கள் மீனிலிருந்து ஆரம்பிப்பார்கள். மாமா வெள்ளத்திலிருந்து ஆரம்பிப்பார். கடல்காரர்கள் பேச்சில் வெள்ளம் என்றால் நீரோட்டம். (மழைக்கு வருகிற வெள்ளத்துக்கு எங்கள் தெருவில் 'தண்ணி வந்துச்சு' என்றுதான் பேர்.) வடக்கேயிருந்து தெற்கே ஓடினால் வன்னி. தெற்கேயிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. மழைக்காலம் முழுக்க வன்னிதான். பிப்ரவரி வாக்கில் அது திரும்பும். மார்ச், ஏப்ரலில் தெண்டி பலமாக ஓடும். கடலியல் படித்தவர்களும் இந்தக் கரையோர நீரோட்டத்துக்கு இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். எந்த வெள்ளம் என்று தெரிந்துகொள்ள மாமாவிடம் ஒரு குறுக்குவழி உண்டு. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு இடத்துக்காகக் காத்திருக்கும் கப்பல்களின் மூக்கைப் பார்ப்பார். காற்றில்லாத விடியலில் மூக்கு தெற்கே பார்த்து நின்றால் தெண்டி. அவ்வளவு பெரிய இரும்பை அவருக்குக் காற்றாடி மாதிரி பயன்படுத்தத் தெரியும்.

தெண்டி தொடங்கினால் தெளிவு வரும். ஆனால் அளவுக்கு மீறி ஓடினால் ஈயம் தரையில் நிற்காது, உருண்டுகொண்டே போய்க் கல்லிடுக்கில் சிக்கும். அப்போது எவ்வளவு நல்ல இரை வைத்தும் பயனில்லை. நல்ல நாள் என்பது விடியலில் கரைக்காற்று லேசாக அடிக்கிற நாள். கடல் தட்டாக இருக்கும். ஒன்பது, பத்து மணி வரைக்கும்தான் அந்த ஆட்டம். உச்சிக்கு முன்னால் கடல்காற்று கிளம்பி அலையைக் கிளப்பிவிடும், கல்லடியில் மண் கலங்கும், கிழங்கான் நகர்ந்துவிடும். பதினோரு மணிக்குக் குடையும் கூலிங் கிளாஸுமாக வந்து ராடை விரிக்கிற பையன்களைப் பார்த்து மாமா ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

நாங்கள் உட்காருகிற கல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மீன்களைப் பற்றிச் சொல்ல முடியாது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. 1876-இல் மதராஸ் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதில் பெரும்பகுதியை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் மணலை மறித்தது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரத்துக் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் தின்ன ஆரம்பித்தது. மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் நடக்கிறவர்கள் எங்கள் மணலில்தான் நடக்கிறார்கள் என்று ஆயா சொல்லும். அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, பொய் கிடையாது. கரை போன பிறகு பாறாங்கல் கொட்டினார்கள். அதற்கும் பிறகு, கடலுக்குள் நீட்டி வளைத்துக் கல் போட்டு மணலைப் பிடிக்கிற அமைப்புகள் வந்தன. அரசாங்கத் தமிழில் அதன் பெயர் தூண்டில் வளைவு. யார் வைத்த பெயரோ, எனக்கு ரொம்பப் பிடித்த பெயர். கடலில் மணல் பிடிக்க ஒரு முள்ளு.

மணல் கரையாக இருந்தபோது இங்கே வலை இழுத்தார்கள். கல் வந்த பிறகு கல்லில் வாழ்கிற மீன் வந்தது. இடுக்கில் செப்பிலி, களவா. பாசி மேய ஓரா. கரை போன துக்கத்தோடுதான் செப்பிலியும் கிடைத்தது. என் தலைமுறைக்குக் கல்தான் கடற்கரை.

சில வருடங்களுக்கு முன்னால், ட்ரௌட் மீனுக்கு 'ஃப்ளை' போடுகிற வீடியோக்களைப் பைத்தியம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவு குளிர்ந்த ஓடையில் நின்று, ஒரு கிராம் எடைகூட இல்லாத இறகுப் பூச்சியை நூலின் எடையாலேயே வீசுகிறார்கள். அன்றைக்கு அந்த ஓடையில் எந்தப் பூச்சி பொரித்து எழும்புகிறதோ அதே அளவில், அதே நிறத்தில் முள்ளைக் கட்டவேண்டும். ஏப்ரலில் ஒன்று, மே மாதம் வேறொன்று. இதில் ஒரு துண்டு நம் ஊரிலும் நடந்தது. நீலகிரியில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டியின் குளிர் போதவில்லை, ஊர் மீனும் வேண்டியிருந்தது. 1860-களில் பிரான்சிஸ் டே கப்பலில் ட்ரௌட் கொண்டுவந்து மலையேற்றப் பார்த்தார். இந்திய மீன்களைப் பற்றிய பெரும் நூலைப் பின்னாளில் எழுதிய அதே டேதான். முட்டைகள் வெக்கை தாங்கவில்லை. 1907-இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரௌட் அந்த ஓடைகளில் நிலைத்தது. ஒரு விளையாட்டுக்காக ஒரு மீனையே கடல் கடத்தி மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் கல்லில் உட்கார்ந்து விளக்கினேன். அவர் போனில் அந்த இறகுப் பூச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது, கோழி றெக்க?"

"ஆமா மாமா. ஈ மாதிரி கட்டியிருக்கான்."

"நாங்க லாஞ்சில வெள்ள றெக்கயும் ஜரிக நூலும் கட்டி உடுவோம். ஒரே தங்கூசில பத்து முள்ளு. அயிலை கொத்துகொத்தா ஏறும். அதுக்கு இவ்ளோ பேச்சா?"

பேச்சு வேண்டியிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் இரையைத் தேர்ந்தெடுப்பதில் மாமா செய்வதும் அந்த ஓடைக்காரன் செய்வதும் ஒரே வேலை. இன்றைக்கு இந்தத் தண்ணியில் மீன் எதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று கேட்பது. அந்த ஊர் மீனுக்குப் பூச்சி, எங்கள் மீனுக்கு இறால். வித்தியாசம் அவ்வளவுதான்.

கலங்கல் தண்ணியில் மீன் மூக்கால் தேடும். அப்போது வாசனை உள்ள இரை வேண்டும். கவலை மீனைச் சாய்வாக வெட்டி, ரத்தம் கசியக் கசியக் குத்துவது. (கவலையை முள்ளில் குத்தி கடலில் போடுகிறேன் என்பது மாமாவின் பழைய ஜோக், வாரம் ஒருமுறை வரும்.) கல்மண்டபம் மார்க்கெட்டில் கோழிக்குடல் சும்மா கிடைக்கும். அது கெளுத்திக்கு. கெளுத்தியின் துடுப்பு முள் கையில் ஏறினால் அன்றைக்கு முழுக்க வலிக்கும், பையன்கள் அதை வாங்கிக்கட்டிக்கொண்டுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

தெளிவில் கணக்கு மாறும். மீன் கண்ணால் தேடும். தங்கூசி மெல்லிசாக வேண்டும். தடித்த தங்கூசி தண்ணிக்குள் வெயிலில் மின்னும், கிழங்கான் ஒதுங்கிப் போகும். சின்ன முள்ளு, சேற்றுப்புழு அல்லது தோலுரித்த இறாலில் கொண்டைக்கடலை அளவு துண்டு, தரையோடு ஈயம். கிழங்கான் கடிப்பது தெரியும், தட்டுத் தட்டென்று இரண்டு முறை தட்டும். இழுக்கவேண்டியது மூன்றாவதற்கு. பாறை விடியலில் கல்லோரம் குஞ்சு மீன்களைத் துரத்திக்கொண்டு வரும், அரைமணி நேரம்தான். அதற்குத்தான் என் பெட்டியில் இருக்கிற வெள்ளிநிற இரும்பு ஜிக் உதவும். சீலாவுக்குப் பல் கத்தி மாதிரி, முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி இல்லாவிட்டால் ஜிக்கும் போகும், காசும் போகும்.

கொடுவா தனி. அதைப் பற்றி மட்டும் மாமா குரலைத் தாழ்த்திப் பேசுவார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிற மீன். துரத்தாது, பாலத்துத் தூணின் நிழலில், பழைய கட்டையின் பின்னால் சும்மா நிற்கும். வெள்ளம் இரையை வாய்க்கு முன்னால் கொண்டுவரும்போது வாயைத் திறந்து தண்ணியோடு உறிஞ்சும். இரவில் அந்தச் சத்தம் கேட்கும், பாட்டில் மூடி திறந்த மாதிரி. பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும். அதனால் பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் பெண்தான். இங்கே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் நிறுவனத்தார் 1997-இல் இதைத் தொட்டியில் முட்டையிட வைத்தார்கள். ஓட்டலில் தட்டில் வருவது இப்போது பண்ணைக் கொடுவாவாகவும் இருக்கலாம்.

அதற்கு வைக்கவேண்டியது உயிர் இறால். எண்ணூர் ஆற்றில் இடுப்பளவு தண்ணியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களிடம் பத்து, இருபது வாங்கி வாளியில் வைத்துக்கொள்ள வேண்டும். இறாலின் தலையில் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும், அதுதான் அதன் உயிர். அதைத் தொடாமல், கொம்புக்குக் கீழே முள்ளை ஏற்றினால் ஒருமணி நேரம் வரைக்கும் நீந்தும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும்போது போடவேண்டும். எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அமாவாசைக்கேகூட ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் குறுகிய முகத்துவாரத்துக்கு அதுபோதும், ஆற்றிலிருந்து குஞ்சு மீனும் இறாலும் கடலை நோக்கி இழுபடும், கொடுவா வாசலில் நிற்கும். ரப்பர் மீன், பின்லாந்துக்காரர் ராப்பாலா 1936-இல் செதுக்கிய கட்டை மீனின் வழியில் வந்த பிளாஸ்டிக் மீன்கள் எல்லாம் என்னிடம் உண்டு. கலங்கலில் ஆரஞ்சு, தெளிவில் பச்சை முதுகு, அந்தியில் கறுப்பு என்று எனக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. எண்ணூரில் என் பட்டியல் மாமாவின் வாளியிடம் பத்துக்கு ஒன்பது தடவை தோற்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் எண்ணூர் ஆற்றுக்குள் வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடியின் வேர், கொக்கின் கால் எல்லாம் கறுப்பு. குப்பத்து ஆட்கள் மக்கிலும் பக்கெட்டிலும் மொண்டு எடுத்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கடல் கரையைக் கறுப்பாக்கியது, அப்போதும் பக்கெட்தான். ஆனால் கடல் பெரியது, அலை அடித்துக்கொண்டே இருக்கும். ஆறு அப்படியில்லை. சேற்றுக்குள் இறங்கியதைச் சேறு வைத்துக்கொள்ளும்.

அடுத்து வந்த பங்குனியில் தெளிவு வந்தது. தண்ணி பார்க்க அழகாக இருந்தது. நெட்டுக்குப்பம் பக்கம் போனோம். கற்களில் தார் பூசின மாதிரி ஒரு கோடு, ஏற்றத்தின் உயரத்தைக் காட்டிக்கொண்டு. இறால் தடவுகிறவர்கள் குறைவாக இருந்தார்கள், இருந்தவர்களின் வாளியும் காலியாக இருந்தது. மாமா காசிமேட்டிலிருந்து கொண்டுபோன இறாலைத்தான் போட்டார். வற்றம் தொடங்கி முக்கால் மணியில் ஒரு கொடுவா. மூன்றரை கிலோவுக்குக் குறையாது. கையில் சுற்றியிருந்த தங்கூசி அவர் விரலை அறுத்தது, நான் ராடைப் போட்டுவிட்டு ஓடி வாலைப் பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை. செவுளைத் தூக்கி மூக்கை வைத்தார். இன்னொரு தரம் வைத்தார். என்னிடம் நீட்டினார்.

மண்ணெண்ணெய். லேசாக, அடுப்பை அணைத்த சமையலறை மாதிரி.

கல்மண்டபத்தில் மெஸ் வைத்திருக்கிற ஒரு அக்கா மாமாவிடம் வழக்கமாக வாங்குவார். கிலோ அறுநூறுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்வார். மாமா மீனை அவர் முன்னால் வைத்து, "மோந்து பாரும்மா" என்றார். அக்கா முகர்ந்தார்.

"மசாலா போட்டா தெரியாது அண்ணே. கொஞ்சம் கொறச்சுக் குடுத்துட்டுப் போ."

"தெரியாதுன்றதுதான் எனக்குப் பிரச்சன."

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அத்தை அன்றைக்குப் பேசியது முழுவதையும் இங்கே எழுத முடியாது. "ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல போற மீன மண்ணுல பொதைக்கறதுக்கா ராத்திரி எழுந்து போன?" என்பதுதான் அதன் சாரம். அத்தை கேட்டது நியாயம். நிவாரணம் வந்தது குப்பத்துக் குடும்பங்களுக்கு. கல்லில் நின்று தூண்டில் போடுகிற ஆள் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாமா பதில் சொல்லாமல் நடுத்துண்டிலிருந்து இரண்டு விரல் அகலம் வெட்டி, உப்புகூடப் போடாமல் வெறும் தண்ணியில் வேகவைத்தார். மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்க அந்த வாசனை. அத்தை ஜன்னலைத் திறந்தார். அதற்குப் பிறகு பேச்சில்லை. மீன் வேப்பமரத்தடிக்குப் போனது.

அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. எங்கே பிடித்த மீனானாலும் முதலில் ஒரு துண்டு வெறும் தண்ணியில். நான் இதில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், மாமாவிடமும் சொல்லியிருக்கிறேன். ஆவியில் எண்ணெய் தெரியும். சாம்பல் தெரியாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருடக்கணக்காக இந்த ஆற்றில் இறங்கியிருக்கிறது, குழாய் உடையும்போதெல்லாம் இறங்குகிறது. அதோடு வருகிற உலோகங்களுக்கு வாசனை கிடையாது. குளிரூட்டிய பிறகு விடுகிற சுடுதண்ணியைக் கையை விட்டுப் பார்த்தாலாவது தெரிந்துகொள்ளலாம். மாமா கேட்டுக்கொண்டார். "அப்போ எந்த மீனத்தான் துன்றது?" என்றார். இரவெல்லாம் ஆற்று வாசலில் நின்று பிடிக்கிற ஒருவரிடம் ஆய்வுக்கூடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரே ஒரு முடிவுக்கு வந்தார். எண்ணூர் ஆற்று மீனை விற்பதில்லை. கொடுவாவுக்குப் போவார், அதை அவரால் விட முடியாது. ஆனால் கிடைத்தால் இப்போது அவிழ்த்து விட்டுவிடுகிறார். மீனைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு விடுகிற பையன்களை 'சோத்த எண்ணிட்டு எறங்குறவனுங்க' என்று திட்டிய மனிதர். போட்டோ மட்டும் இன்னும் எடுப்பதில்லை. விற்பனைக்குக் கல்லில் பிடிக்கிற கிழங்கானும் செப்பிலியும்தான். எடை குறைவு, நேரம் அதிகம்.

இதற்கு ஏற்ற காலம் ஒன்றுதான். சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15, விசைப்படகுத் தடை தொடங்கும். முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. காசிமேட்டில் லாஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பெயின்ட் வாசனையும் சுத்தியல் சத்தமும் வரும். மார்க்கெட்டில் மீன் விலை ஏறும். ஐஸ் வைக்காத மீன் வேண்டும் என்று கேட்டு ஆள் தேடிவரும். தெளிவின் கடைசி இரண்டு வாரமும் தடையின் முதல் இரண்டு வாரமும் ஒன்றாக வந்து விழுகிற அந்த இடைவெளியில்தான் மாமா நாலு காசு பார்ப்பார். மெஸ் அக்காவும் அப்போது வருவார், அந்தக் கொடுவாவைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. "எந்தத் தண்ணி அண்ணே?" என்று மட்டும் கேட்பார். "கல்லு" என்பார் மாமா. அக்கா கூடையை நீட்டுவார்.

இந்தப் பங்குனியிலும் தெளிவு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வந்த மூன்றாம் நாள் கல்லில் இரண்டு மணி நேரத்தில் பதினேழு கிழங்கான், ஒரு செப்பிலி. செப்பிலி என் பச்சை முதுகு ரப்பர் மீனுக்கு வந்தது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். மாமா அந்த ரப்பரைக் கழற்றி முகர்ந்து பார்த்து, "இதுவும் பெட்ரோல்ல செஞ்சதுதானே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் அத்தை ஒரு கிழங்கானை இரண்டாக நறுக்கிச் சின்ன சட்டியில் போட்டு மூடினார். நாங்கள் இருவரும் நிலைப்படியில் நின்றோம். கொதி வந்தது. அத்தை மூடியை எடுத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"புளி கரைடா" என்றார்.